கேமரா வாங்கும் முன்பே கேட்டுவிடுங்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் நகரத்துக் காவல்துறை, வண்டி நம்பர் படிக்கும் கேமராக்கள் வாங்கப்போகிறது. மக்கள் குழு மேற்பார்வை செய்யட்டும் என்றால், "முதலில் வாங்குவோம், விதிகளை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்" என்கிறார்கள். சம்மதிக்கலாமா?

பதில்: சம்மதிக்காதீர்கள். ஒப்பந்தம் கையெழுத்தானதும், "பணம் போட்டாயிற்று, சும்மா கிடக்க விடுவதா?" என்பார்கள். அமெரிக்காவின் சான் டியேகோவில் மின்சாரம் மிச்சமாகும், போக்குவரத்தைக் கணக்கெடுக்கலாம் என்று சொல்லித்தான் 2016-ல் கேமரா வைத்த தெருவிளக்குகளுக்கு ஒப்புதல் வாங்கினார்கள். 2018-ல் போலீஸ் அந்தப் பதிவுகளை எடுக்கத் தொடங்கியது. ஊருக்கு விஷயம் தெரிந்தது 2019-ல். கண்காணிப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது 2022-ல்.

கேள்வி: குழு ஆலோசனைதானே சொல்லும்? போலீஸ் கேட்காவிட்டால்?

பதில்: சட்டத்தில் பூட்டு எங்கே போட்டிருக்கிறது என்று பாருங்கள். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் உள்ள ஓக்லண்டில் 2016-ல் அமைந்த குழுவும் ஆலோசனைக் குழுதான். ஆனால் 2018-ன் சட்டப்படி, காவல்துறை புதுக் கருவி வாங்க நினைத்தால் அதனால் மக்களுக்கு என்ன பாதிப்பு, எப்படிப் பயன்படுத்துவோம் என்பதை எழுதி முதலில் அந்தக் குழுவிடம் வைக்க வேண்டும். பிறகு நகர மன்றம் எல்லோர் முன்னிலையிலும் வாக்களிக்கும். நியூயார்க்கின் 2020 சட்டமோ, கருவிகளைப் பற்றிய விவரத்தை வெளியிடச் சொல்கிறது. வாங்க மன்றத்தின் சம்மதம் தேவையில்லை. அதை மேற்பார்வை என்று ஏற்க எனக்கு மனம் வரவில்லை.

கேள்வி: இத்தனை கட்டுப்பாடு போட்டால் திருடன் தப்பிவிட மாட்டானா?

பதில்: நியாயமான பயம்தான். ஆனால் அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டில் நடந்ததைப் பாருங்கள். கடையில் கைக்கடிகாரங்கள் திருடுபோன வழக்கு. மங்கலான வீடியோவில் இருந்த முகம், ராபர்ட் வில்லியம்ஸ் என்பவரின் பழைய ஓட்டுநர் உரிமப் படத்தோடு பொருந்துவதாக முகமறியும் மென்பொருள் சொன்னது. 2020 ஜனவரியில் வீட்டு வாசலில், மனைவியும் இரண்டு சிறுமகள்களும் பார்க்க, அவருக்கு விலங்கு மாட்டினார்கள். சுமார் 30 மணி நேரம் காவலில் இருந்தார். அவர் திருடவில்லை. முகமறியும் மென்பொருளை மட்டும் நம்பிக் கைது செய்யக்கூடாது என்ற விதி, அவர் தொடுத்த வழக்கின் சமரசத்தில் 2024-ல் உறுதியானது. அந்த விதி முன்பே இருந்திருந்தால் அந்தக் குழந்தைகள் அதைப் பார்த்திருக்க வேண்டாம்.

கேள்வி: குழுவில் உறுப்பினராகியிருக்கிறேன். கனமான ஆண்டறிக்கை வந்திருக்கிறது. எங்கே தொடங்குவது?

பதில்: முன்னுரையைத் தள்ளிவிட்டுத் தேடல் பதிவேட்டைக் கேளுங்கள். தேதி, நேரம், தேடிய வண்டி எண், தேடியவர், காரணம் என்று கட்டம் கட்டமாக இருக்கும். காரணக் கட்டத்தில் வரிசையாக "விசாரணை" என்ற ஒற்றைச் சொல் மட்டும் இருந்தால் அங்கேயே நில்லுங்கள். வழக்கு எண் எங்கே? ஒரே அதிகாரி ஒரே வண்டியை நாலைந்து இரவு தொடர்ந்து தேடியிருக்கிறாரா? முன்னாள் துணையைப் பின்தொடர இந்தக் கேமராக்களைப் பயன்படுத்திய போலீஸ்காரர்கள் அமெரிக்காவில் கைதாகியிருக்கிறார்கள். அப்புறம், கேமரா எடுத்த பதிவுகளை எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். நியூ ஹாம்ஷயர் மாநிலத்தில், தேடப்படும் வண்டியாக இல்லாவிட்டால் 3 நிமிடத்துக்குள் அழித்துவிட வேண்டும். உங்கள் ஊரில் மாதக்கணக்கில் வைத்திருந்தால் ஏன் என்று எழுத்தில் பதில் வாங்குங்கள். வெளியூர்க் காவல்துறை யாரெல்லாம் உள்ளே வந்து தேடலாம் என்ற பட்டியலையும் விடாதீர்கள்.

கேள்வி: எனக்குக் கணினி அதிகம் தெரியாது. குழுவில் சேரலாமா?

பதில்: தாராளமாக. "இது என் தெருவில் எதைப் பதிவு செய்கிறது, செய்து காட்டுங்கள்" என்று கேட்கத் தெரிந்தால் போதும்.