மண்ணும் கல்லும் கேள்வி பதில்: சாம்பலில் பிறந்த பாறைகள்

எரிமலை கக்கிய சாம்பல் படிந்து, இறுகிக் கல்லானால் அதற்கு டஃப் என்று பெயர். இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் அந்தக் கல்லைச் சுற்றியே இருந்ததால் அவற்றுக்கே இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

ஜூரோங்கின் மண்ணுக்கடியில் எரிமலைச் சாம்பல் பாறை இருப்பதாக உயர்நிலை மூன்றில் படிக்கும் என் மகள் சொல்கிறாள். சிங்கப்பூரில் எரிமலையே கிடையாதே, இது எப்படி?
வாசகி, ஜூரோங் வெஸ்ட்

மகள் சொல்வது சரிதான். எரிமலை இன்று இல்லை, அன்று இருந்தது. ஏறக்குறைய 24 கோடி ஆண்டுகளுக்கு முன், டிரையாசிக் காலத்தில், பழைய டெதிஸ் கடலின் தரை இன்றைய மலேசியத் தீபகற்பத்தின் கிழக்குப் பாதி அமர்ந்திருக்கும் நிலத்தட்டுக்கு அடியில் புகுந்துகொண்டிருந்தது. அப்படிப் புகும் இடங்களில் எரிமலைகள் வரிசை கட்டும். இன்றைக்குச் சுமத்ராவிலும் ஜாவாவிலும் நடப்பதும் அதுவே.

எரிமலையின் வயிற்றில் தங்கி மெதுவாகக் குளிர்ந்த குழம்பு கிரானைட் ஆனது. புக்கிட் தீமாவிலும் புலாவ் உபினிலும் நாம் மிதிப்பது அதைத்தான். வாய் வழியாக வெடித்து வெளியேறியது சாம்பலாகப் பக்கத்துக் கடலிலும் தாழ்நிலத்திலும் விழுந்தது. மேற்குச் சிங்கப்பூரின் ஜூரோங் பாறைக் குழுமத்தில் மணற்கல், களிக்கல், சுண்ணாம்புக்கல் ஆகியவற்றோடு டஃப்பும் கலந்து கிடப்பது இதனால்தான். அந்தக் குழுமத்தின் ஒரு பகுதிக்கு ஆயர் சாவான் தீவின் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்தத் தீவு இப்போது ஜூரோங் தீவுக்குள் அடங்கிவிட்டது.

மகளை அழைத்துப்போய்க் காட்டலாம் என்று நினைத்தால் கொஞ்சம் சிரமம். நம் வெயிலும் மழையும் பாறையைப் பல மீட்டர் ஆழத்துக்குச் செம்மண்ணாக்கி வைத்திருக்கின்றன. சிதையாத பாறையைப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சுரங்கப்பாதைக்கும் அடித்தளத்துக்கும் துளை போடுபவர்கள்தான். அடுத்த கேள்வி அவர்களில் ஒருவருடையது.

கட்டுமானத் தளத்தில் துளைபோட்டு எடுக்கும் பாறைத் துண்டுகளைப் பதிவு செய்யும் வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சாம்பல் நிறக் கல் வந்தால் மணற்கல்லா டஃப்பா என்று பிடிபடவில்லை. மூத்தவர்களும் ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.
வாசகர், புக்கிட் பாத்தோக்

நிறத்தை நம்பாதீர்கள், முதல் தவறு அங்கேதான் நடக்கிறது. டஃப் சாம்பல், பச்சை, இளஞ்சிவப்பு, ஏன் வெள்ளையாகக்கூட இருக்கும். கல்லுக்குள் இருக்கும் துணுக்குகளின் வடிவத்தைப் பாருங்கள்.

துண்டைக் கழுவி, துளைக்கருவி தேய்த்த சேற்றைப் பிரஷ்ஷால் நீக்குங்கள். ஈரத்தோடு வெளிச்சத்தில் சாய்த்து, 10 மடங்கு கை லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, கல்லை லென்ஸுக்கு அருகே கொண்டுவாருங்கள். ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தின் படிகங்கள் வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ தெரியும். அவை உடைந்த கண்ணாடிச் சில்லு போல் கூர்முனையோடு, பெரியதும் சிறியதுமாக, ஒன்றையொன்று தொடாமல் மாவு போன்ற நுண்பொருளில் மிதந்தால், அது வெடிப்பில் நொறுங்கிய படிகம், கல் டஃப். ஆறு உருட்டிவந்த மணல் என்றால் முனைகள் மழுங்கி, மணிகள் ஏறக்குறைய ஒரே அளவில் தோளோடு தோள் ஒட்டி நிற்கும். படிகங்கள் உடையாமல் முழு உருவில் இருந்தால் எரிமலைக் குழம்பாகவே ஓடி உறைந்த கல்லா என்று யோசியுங்கள்.

துணுக்குகளின் அளவுக்கும் விதி உண்டு. 2 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சாம்பல். 2 முதல் 64 மில்லிமீட்டர் வரை லப்பில்லி. அதற்கு மேல் போனால் பாளம் அல்லது குண்டு. லப்பில்லி நிறைய இருந்தால் பதிவில் லப்பில்லி டஃப் என்றே எழுதுங்கள். சில துண்டுகளில் பட்டாணி அளவு உருண்டைகள் வரும். வெட்டுமுகத்தில் அவை அடுக்கடுக்கான வளையங்களாகத் தெரியும். சீரக மிட்டாயைப் பாதியாகக் கடித்தால் சர்க்கரை அடுக்குத் தெரிவதுபோல. ஈரமான சாம்பல் மேகத்துக்குள் சுழன்று சுழன்று பூச்சேறிய உருண்டைகள் அவை. அவற்றைக் கண்டால் தயங்காமல் டஃப் என்று எழுதிவிடலாம்.

மூத்தவர்கள் ஆளுக்கொன்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. புதுச் சாம்பலில் பெரும்பகுதி கண்ணாடித் தூள், அதாவது படிகமாக நேரமில்லாமல் சட்டென்று உறைந்த குழம்பு. கண்ணாடி நிலையானதன்று, காலப்போக்கில் அது நுண்ணிய குவார்ட்ஸாகவும் ஃபெல்ஸ்பாராகவும் பச்சை நிறக் குளோரைட்டாகவும் மாறிவிடும். 24 கோடி ஆண்டுப் பழைய டஃப்பில் கண்ணாடியைத் தேடினால் கிடைக்காது. மேலும் கடலில் விழுந்த சாம்பலோடு மணலும் சேறும் கலந்தன. பாதி டஃப், பாதி மணற்கல்லாக இருக்கும் கல்லை டஃப் கலந்த மணற்கல் என்று எழுதுவதில் தவறில்லை. சந்தேகம் தீராவிட்டால் ஒரு சிறு துண்டை 0.03 மில்லிமீட்டர் தடிப்புள்ள மென்சீவலாகத் தேய்த்து நுண்ணோக்கியில் பார்க்க அனுப்பச் சொல்லுங்கள். பெயரைத் தவறாக எழுதிவிட்டால் பின்னால் விலை கொடுப்பது தோண்டுபவர்கள். சிதையாத பழைய டஃப் 100 மெகாபாஸ்கலுக்கு மேல் அழுத்தம் தாங்கி, வெட்டுக்கருவியின் பல்லைத் தேய்த்துவிடும். அதே டஃப் களிமண்ணாக மாறிய பட்டை பக்கத்திலேயே இருந்தால் அங்கே குழைந்து சரியும்.

டஃப், டூஃபா இரண்டும் ஒன்றா?
மாணவர், ஈசூன்

இல்லை. டூஃபா என்பது ஊற்றுநீரிலிருந்து சுண்ணாம்புச் சத்து படிந்து உண்டாவது. எரிமலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. கல்லின் ஓரத்தைச் சுரண்டித் தூளாக்கி இரண்டு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் டூஃபா. டஃப் சும்மா நனையும். இத்தாலியர்கள் எரிமலைக் கல்லை டூஃபோ என்பதால் வந்த குழப்பம் இது.

எரிமலைக் குழம்பு குளிர்ந்தால்தான் அறுகோணத் தூண்கள் உண்டாகும் என்று படித்திருக்கிறேன். ஹாங்காங் போனபோது சாய் குங் பக்கம் உள்ள தூண்கள் சாம்பல் பாறை என்று வழிகாட்டி சொன்னார். அவர் தவறாகச் சொன்னாரா?
வாசகர், தெம்பனீஸ்

வழிகாட்டி சரியாகவே சொல்லியிருக்கிறார். டஃப்பைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு கேள்வி போதும்: சாம்பல் தரையைத் தொட்டபோது எவ்வளவு சூடாக இருந்தது?

வானத்தில் உயர எழும்பி, காற்றில் மிதந்து, ஆறி விழுந்த சாம்பல் மாவு போல் படியும். பிறகு நிலத்தடி நீர் கொண்டுவரும் கனிமங்கள் அதை ஒட்டவைக்கும். அது கத்தியால் சீவக்கூடிய மென்கல். மாறாக, வாயுவும் சாம்பலும் நுரைக்கல்லும் சேர்ந்து தரையோடு தரையாகப் பாய்ந்து வந்து ஒரு பள்ளத்தில் குவிந்தால், உள்ளே வெப்பம் 600 டிகிரி செல்சியஸைத் தாண்டியே இருக்கக்கூடும். கண்ணாடித் துணுக்குகள் இளகி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். இதுதான் பற்றவைப்புற்ற டஃப். மேலே அழுத்தும் எடையில் நுரைக்கற்கள், மாவு உருண்டையைப் பலகையில் வைத்து அழுத்தினாற்போல் தட்டையாகி, கல்லில் கறுத்த கீற்றுகளாக நிற்கும். அந்தக் கீற்றுகளுக்கு ஃபியாமே என்று பெயர். இத்தாலிய மொழியில் தீச்சுடர்கள் என்று பொருள்.

சாய் குங்கில் சுமார் 14 கோடி ஆண்டுகளுக்கு முன் சாம்பல் 400 மீட்டர் தடிப்பு வரை இப்படிக் குவிந்து ஒட்டிக்கொண்டது. ஒட்டிய பிறகு அது ஒரே திடப் பாளம். மெதுவாக ஆறியபோது சுருங்கியது, சுருங்கியதும் விரிசல் விட்டது. குளிர்ந்த பரப்புக்குச் செங்குத்தாக வெடிப்புகள் இறங்கின. சுருக்கத்தின் இழுவையைக் குறைந்த வெடிப்பில் தீர்க்க வசதியானது, மூன்று வெடிப்புகள் 120 பாகையில் சந்திக்கும் அமைப்பு. அதனால் அறுகோணம். குழம்பு ஆறினாலும் ஒட்டிய சாம்பல் ஆறினாலும் இயற்பியல் ஒன்றே. அங்குள்ள தூண்கள் சராசரியாக 1.2 மீட்டர் அகலம். மெதுவாக ஆறினால் தூண் பருமனாகும்.

மறுபடியும் போனால் ஹை ஐலண்ட் நீர்த்தேக்கத்தின் கிழக்கு அணைப் பக்கம் செல்லுங்கள். அங்கே தூண்கள் எஸ் வடிவில் வளைந்து நிற்கின்றன. முழுதும் இறுகுமுன் அழுத்தம் பட்டால்தான் கல் இப்படி வளையும். அவற்றின் ஊடே பின்னர் ஏறிய கறுத்த பாறைச் சுவர் ஒன்றும் தெரியும்.

நம் நாட்டவர் ஜோத்பூர் போனாலும் இதைப் பார்க்கலாம். மெஹ்ரான்கர் கோட்டை நிற்கும் குன்று சுமார் 75 கோடி ஆண்டுப் பழைய மலானி எரிமலைப் பாறை. அங்குள்ள பற்றவைப்புற்ற டஃப் இந்தியாவின் தேசிய நிலவியல் நினைவுச்சின்னங்களில் ஒன்று.

தோட்டத்துச் சுவரில் இந்தோனேசியப் பச்சைக் கல் பதித்து இரண்டு வருடமாகிறது. கீழ்ப்பகுதியில் வெள்ளையாகப் பூக்கிறது, சில கற்கள் செதில் செதிலாக உதிர்கின்றன. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?
வாசகி, சிராங்கூன் கார்டன்ஸ்

தயவுசெய்து ஆசிட் வேண்டாம். நீச்சல் குளங்களுக்கும் சுவர்களுக்கும் ஜாவாவின் சுக்கபூமியிலிருந்து வரும் அந்தப் பச்சைக் கல் பெரும்பாலும் சியோலைட் கனிமம் நிறைந்த டஃப். ஆசிட் பட்டால் சியோலைட்டின் கட்டமைப்பே கரைந்து குலையும். இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சிமெண்டும் அரிபடும். ஒரு வாரம் பளிச்சென்று இருக்கும், பிறகு இன்னும் வேகமாக உதிரும்.

உப்புப் பூத்தால் தண்ணீர் உள்ளிருந்து வருகிறது என்று பொருள். பின்பக்கம் செடித்தொட்டி இருக்கிறதா, அதன் அடியில் நீர்க்காப்புப் பூச்சு இருக்கிறதா, குழாய் கசிகிறதா, மண் சுவரைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள். நீர்வரத்தை நிறுத்தாமல் மேலே என்ன செய்தாலும் வீண்.

நிறுத்திய பிறகு, காய்ந்த நாளில் மென்மையான நைலான் பிரஷ்ஷால் வெள்ளையைத் தட்டி எடுத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றினால் உப்பு மறுபடி உள்ளே போய்விடும். எஞ்சியதற்கு, அச்சிடாத காகிதக் கூழை அயனி நீக்கிய நீரில் குழைத்து ஒரு சென்டிமீட்டர் தடிப்பில் அப்பி, அது தானாகக் காயும்வரை விடுங்கள். நம் ஊர் ஈரப்பதத்தில் இரண்டு நாள் பிடிக்கலாம். காயும்போது உப்பு கூழுக்குள் இழுபடும். உரித்துவிட்டு இன்னொரு முறை செய்யுங்கள். அழுத்த நீர்ப்பீச்சி வேண்டாம். அது மென்பகுதிகளைக் குடைந்து குழியாக்கும்.

செதில் உதிர்வதற்குக் காரணம், அநேகமாக முகப்பில் பூசிய பளபளப்புச் சீலர். அது தோல் போல் மூடிவிடுவதால் உள்ளே வந்த நீர் வெளியேற வழியில்லாமல் தோலுக்குப் பின்னால் உப்பாகப் படிகமாகி, கல்லையே தள்ளுகிறது. உதிர்ந்த கற்களை மாற்றும்போது புதுக் கற்களைக் கழுவி, நிழலில் மூன்று நாள் உலர்த்தி, சிலேன் அல்லது சிலாக்சேன் வகை ஊடுருவும் சீலரை ஆறு பக்கமும் இரண்டு முறை பூசி, பிறகு பாலிமர் கலந்த பசையில் பதிக்கச் சொல்லுங்கள். தோல்போல் மூடாமல் கல் மூச்சுவிட விடும் சீலர் அது. ஆறு பக்கமும் பூசினால் பசை பிடிக்குமா என்று அந்தப் பசை நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

மீன் தொட்டியில் போடும் சியோலைட்டும் இதே கனிமமா? மீனுக்கு நோய் வந்தால் உப்புப் போடலாமா?
வாசகர், பொங்கோல்

அதே குடும்பம்தான். சாம்பல் கண்ணாடியோடு நிலத்தடி நீர் வினைபுரிந்து உருவான கனிமம் அது. நுண்துளைகளுக்குள் சோடியத்தை வைத்திருக்கும், மீன் கழிவிலிருந்து வரும் அமோனியத்தைக் கண்டால் சோடியத்தை விட்டுவிட்டு அதைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தண்ணீரில் உப்புக் கூடினால் கணக்கு தலைகீழாகும்: பிடித்த அமோனியத்தை எல்லாம் தொட்டிக்குள் உமிழ்ந்துவிடும். உப்புப் போடும் முன் சியோலைட்டை வெளியே எடுங்கள். இது மறக்கக்கூடாத ஒன்று. இதே குணத்தைப் பயன்படுத்தி அதைப் புதுப்பிக்கலாம்: லிட்டருக்கு 50 கிராம் அயோடின் இல்லாத உப்பு, தனி வாளி, 24 மணி நேரம் ஊறல், நன்றாக அலசல். கடல்நீர் மீன் தொட்டியில் அமோனியம் பிடிக்கச் சியோலைட் பயன்படாது.

எரிமலைச் சாம்பல் கான்கிரீட்டுக்கு நல்லது என்கிறார்கள், எரிமலைக் கல்லை ஜல்லியாகப் போடாதே என்றும் சொல்கிறார்கள். எது சரி?
பொறியியல் மாணவி, உட்லண்ட்ஸ்

இரண்டும் சரி, வித்தியாசம் துகளின் அளவில் இருக்கிறது. நம் பழைய கட்டடங்களில் சுண்ணாம்போடு சுர்க்கி, அதாவது செங்கல் தூள் கலந்ததும், ரோமானியர்கள் பொசுவோலி ஊர்ச் சாம்பலைக் கலந்ததும் ஒரே காரணத்துக்காக. ஒழுங்கான படிக அமைப்பில்லாத சிலிக்கா, சுண்ணாம்போடு சேர்ந்து பசையாகும். நன்றாக அரைத்த தூளில் இந்த வினை கான்கிரீட் இறுகும் காலத்திலேயே எங்கும் சீராக நடந்து முடிகிறது.

அதே கண்ணாடிச் சிலிக்கா ஜல்லிக் கல்லாக உள்ளே இருந்தால், சிமெண்டின் காரத்தோடு பல ஆண்டுகள் மெதுவாக வினைபுரிந்து கல்லைச் சுற்றி ஒரு கூழ் உண்டாகும். அந்தக் கூழ் நீரை உறிஞ்சி வீங்கும். கான்கிரீட்டின் முகத்தில் வறண்ட ஏரித் தரைபோல் வலைவலையாக வெடிப்பு விழும். வினைபுரியும் சிலிக்கா, காரம், ஈரம் மூன்றும் வேண்டும். நம் ஊரில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை என்பதால் முதல் இரண்டைத்தான் கட்டுப்படுத்த முடியும்.

எந்த ஜல்லியையும் அமெரிக்கத் தர முறை சி1260-இன்படிச் சோதிக்கலாம். கல்லை அரைத்துக் காரைப் பட்டைகளாக வார்த்து, 80 டிகிரி சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் 14 நாள் வைக்கிறார்கள். நீட்சி 0.10 விழுக்காட்டுக்குள் இருந்தால் பாதகமில்லை, 0.20-ஐத் தாண்டினால் ஆபத்து. இடையில் வந்தால் நுண்ணோக்கிப் பரிசோதனையும் ஓராண்டு நீளும் கான்கிரீட் பட்டைச் சோதனையும் தேவை. கல்லின் வயதையும் பாருங்கள். கண்ணாடி அப்படியே இருக்கும் இளம் டஃப்தான் அதிகம் தொல்லை தரும், ஆனாலும் கண்ணாடி மாறிப்போன பழைய டஃப்பில் உள்ள நுண்குவார்ட்ஸும் மெதுவாக வினைபுரியக்கூடும்.

தோபா ஏரி எரிமலையின் சாம்பல் இந்தியா வரை போனது உண்மையா?
வாசகர், அங் மோ கியோ

உண்மை. சுமத்ராவிலுள்ள அந்த எரிமலை ஏறக்குறைய 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்தது. ஏரி நிற்கும் பள்ளமே அந்த வெடிப்பில் தரை உள்ளிறங்கியதால் உண்டானது: 100 கிலோமீட்டர் நீளம், 30 கிலோமீட்டர் அகலம். நடுவிலுள்ள சமோசிர் தீவு பிறகு அடியிலிருந்து குழம்பு தள்ளியதால் எழும்பியது. ஏரிக்கரைச் செங்குத்துப் பாறைகளில் சூடாகக் குவிந்து ஒட்டிய டஃப்பைக் காணலாம். அதே வெடிப்பில் வானேறி ஆறி விழுந்த சாம்பல் பேராக்கின் லெங்கோங் பள்ளத்தாக்கிலும், வங்கக் கடல் தரையிலும், ஆந்திரத்தின் ஜுவாலாபுரத்திலும் கிடைக்கிறது.

ஜுவாலாபுரத்தில் சாம்பல் அடுக்கு மீட்டர் கணக்கில் நிற்பதைப் பார்த்து, அவ்வளவு வானிலிருந்து கொட்டியது என்று எண்ணிவிடக்கூடாது. நேராக விழுந்தது சில சென்டிமீட்டர்தான். மீதியை மழைநீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இழுத்துவந்து சேர்த்தது. லென்ஸில் பார்த்தால் அடிமட்டத்தில் மண் கலவாத தூய சாம்பல், மேலே போகப்போக மணலும் களியும் கலந்து வரும். அந்த அடுக்குக்குக் கீழேயும் மேலேயும் மனிதர் செய்த கற்கருவிகள் கிடைத்திருக்கின்றன.