பிரிட்டனின் கெல்டிக் மலைக்கோட்டைகள் ரோமர்களிடம் ஏன் அவ்வளவு சீக்கிரம் விழுந்தன?

கோட்டைகள் பலவீனமாக இருந்ததால் அல்ல. அவை வேறு வகைச் சண்டைக்காகக் கட்டப்பட்டவை.

தென் இங்கிலாந்தின் டோர்செட்டில் டுரோட்ரிகஸ் இனக்குழுவின் மெய்டன் காசிலையே பாருங்கள். சுமார் 19 ஹெக்டேர் குன்று. சுற்றிலும் சுண்ணாம்புப் பாறையை வெட்டி வரிசை வரிசையாக அகழிகள். வெட்டியெடுத்ததைக் கொட்டியே மதில் எழுப்பியிருக்கிறார்கள். கிழக்கு வாசலில் நேராக நுழைய வழியில்லை. மதில்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போகிறவன் தலைக்கு மேலிருந்து கவண்கல் வந்து விழும். அந்த வாசல் அருகே 20,000க்கும் மேற்பட்ட கவண்கற்கள் குவியலாகக் கிடைத்தன. கைக்குள் அடங்கும் கடற்கரைக் கூழாங்கற்கள்! அக்கம்பக்கத்து இனக்குழு மாடு கவர வந்தால் தடுக்க இது தாராளமாகப் போதும்.

கி.பி. 43இல் ரோமர்கள் வந்தார்கள். தென்மேற்குப் பக்கம் இரண்டாம் அகஸ்டா லெஜியன் என்ற ரோமானியப் படைப்பிரிவோடு வந்தவர், பின்னாளில் பேரரசரான வெஸ்பாசியன். அவர் 20க்கும் மேற்பட்ட அரண்களைப் பிடித்ததாக ரோமானிய வரலாற்றாசிரியர் சுயட்டோனியஸ் எழுதுகிறார். அதே டோர்செட்டிலுள்ள ஹாட் ஹில் கோட்டையில் ஒரு குடிசையைச் சுற்றி ரோமானிய விசைவில்லின் இரும்பு அம்புமுனைகள் கிடைத்தன. தலைவனின் வீட்டைக் குறிவைத்து, கவண்கல் எட்டாத தூரத்திலிருந்து அடித்திருக்கிறார்கள் என்பது அங்கே அகழாய்ந்த ரிச்மண்டின் முடிவு. எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

இன்னொரு காரணம், இனக்குழுக்கள் சேர்ந்து நிற்கவில்லை. கிழக்கே சிச்செஸ்டர் பகுதியில் ஆண்ட டொகிடும்னஸ் ரோமரின் நண்பர்.

மெய்டன் காசிலில் ஒரே நாளில் படுகொலை நடந்ததாகப் பலரும் சொல்வார்கள். 1930களில் அங்கே தோண்டிய மார்ட்டிமர் வீலர் சொன்ன கதை அது (1945இல் நம் அரிக்கமேட்டைத் தோண்டியவரும் இவரே). வாசலருகே கிடைத்த எலும்புக்கூடுகளில் ஒன்றின் முதுகெலும்பில் இரும்பு முனை குத்தி நின்றது. பார்த்தால் யாரும் நம்பிவிடுவார்கள். ஆனால் 2025இல் வெளியான ரேடியோகார்பன் (எலும்பின் காலத்தைக் கணிக்கும்) ஆய்வின்படி, அந்தச் சாவுகள் சில தலைமுறைகளில் பரவிக் கிடக்கின்றன. பல, ரோமர் வருவதற்கு முன்பே நடந்தவை. ரோமர் வந்தபோது அந்தக் குன்றின் பெரும்பகுதியில் குடியிருப்பே இல்லை.

அதனால் முற்றுகையின் தடயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஹாட் ஹில்லுக்குப் போங்கள். பிடித்த கோட்டையின் வடமேற்கு மூலையிலேயே ரோமர்கள் தங்கள் முகாமைக் கட்டினார்கள்; அதன் நேர்கோட்டு மண்மேடு இன்றும் தெளிவாகத் தெரியும்.