பாதியில் விட்ட வயலின், ஐரிஷ் மெட்டுகள்: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

வருடக்கணக்கில் தொடாமல் வைத்த வயலினை ஐரிஷ் இசை வழியாகத் திரும்ப எடுக்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். தாராளமாக எடுக்கலாம். ஐரிஷ் இசையில் வயலினை ஃபிடில் என்பார்கள்; அதற்கென்று தனியாக ஒன்றை வாங்க வேண்டியதில்லை, உங்களிடம் இருக்கும் வயலினே போதும்.

பள்ளி நாட்களில் கிரேடு தேர்வு வரை வாசித்தேன். பழைய பாடப் புத்தகத்தையே திரும்ப எடுத்தால் என்ன?

எடுக்கலாம். ஆனால் எந்தப் பக்கத்தில் வெறுத்து நிறுத்தினீர்களோ, அதே பக்கத்தில்தான் போய் நிற்பீர்கள். அன்று இருந்த கை இன்று இல்லையே என்ற வருத்தம் வேறு சேரும். ஐரிஷ் நடன மெட்டு சின்னது. பெரும்பாலும் எட்டெட்டு பார் (தாளக் கூறு) கொண்ட இரண்டு பகுதிகள்தான். ஒவ்வொன்றையும் இரண்டு முறை வாசித்தால் 32 பார், ஒரு சுற்று முடிந்தது. அநேகமாக எல்லாமே முதல் பொசிஷனிலேயே, அதாவது இடது கையை மேலும் கீழும் நகர்த்தாமலே, அடங்கிவிடும். முழுதாக ஒன்றை வாசித்த திருப்தி சீக்கிரம் கிடைக்கும். திரும்பி வருபவருக்கு முதலில் வேண்டியது அதுதான்.

பெட்டியைத் திறந்தால் ஒரு தந்தி அறுந்து கிடக்கிறது, வில்லில் முடி கொட்டுகிறது.

நான்கு தந்திகளையும் மாற்றிவிடுங்கள், ஆனால் ஒவ்வொன்றாக. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தளர்த்தினால் தந்திகளைத் தாங்கும் குதிரை சாயும், உள்ளே நிற்கும் சவுண்ட் போஸ்ட் என்ற சின்ன மரத்தூண் விழுந்துவிடும். அதைத் திரும்ப நிறுத்தத் தெரிந்தவரிடம்தான் போக வேண்டும். மூடியே கிடந்த பெட்டிக்குள் பூச்சி வில்லின் முடியை அரிக்கும். வேறு முடி கட்டச் சொல்லுங்கள்.

பத்து வருடம் கர்நாடக வயலின் கற்றேன். அது உதவுமா, தடையா?

காது உதவும், இடது கைப் பழக்கம் கொஞ்ச நாள் தடுக்கும். ச-ப-ச-ப சுருதி இங்கே சரிவராது. ஜி, டி, ஏ, ஈ என்று எந்த இரண்டு பக்கத்துத் தந்திக்கும் நடுவே ச-ப இடைவெளி இருக்க வேண்டும். புதுத் தந்தி போட்டு ஏற்றுங்கள், பழையது அந்த இழுப்புக்கு அறுந்துபோகலாம். கூலீஸ் ரீல் என்ற நடன மெட்டை ஈ-யில் ச வைத்து வாசித்தால் கரகரப்ரியாவின் ஸ்வரங்கள் வரும். ஹரிகாம்போதியின் ஸ்வரங்களில் அமைந்த மெட்டுகளும் நிறைய. ஆனால் கமகம் வேண்டாம். ஸ்வரம் அசையாமல் நிற்க வேண்டும், அழகெல்லாம் வில்லிலும் விரல் தட்டிலும்தான்.

முதல் மெட்டாக எதை எடுக்கலாம்?

கெஷ் ஜிக். ஜி-யை ச என்று வைத்தால் தொடக்கம் இப்படி (காற்புள்ளி என்றால் முந்தைய ஸ்வரத்தின் நீட்டல்): ச , , ச ரி க | ரி , , ரி க ப. ஜிக் என்பது பாருக்கு இரண்டு தட்டு, ஒவ்வொன்றும் திஸ்ரம், அதாவது மூன்று அட்சரம். நீண்ட ச-வை ஒரே டவுன் போவில் (வில்லைக் கீழ்நோக்கி இழுப்பது) இழுங்கள். அடுத்த ச ரி க மூன்றுக்கும் தனித்தனி வில். அடுத்த பாரின் ரி தானாகவே டவுன் போவில் வந்து விழும், ஆட்டத்துக்கு வேண்டிய அழுத்தமும் அங்கே கிடைக்கும். மூன்று அட்சரமும் ஒரே அளவாக இருக்கக் கூடாது. முதலாவது சற்று நீளம், இரண்டாவது கொஞ்சம் சுருக்கம்.

இது வந்த பிறகு அந்த நீண்ட ச-வில் ரோல் என்ற அலங்காரம் சேருங்கள். மூன்றாம் விரல் ச-வில் இருக்க, நான்காம் விரல் ஒரு தட்டு தட்டி எழும், மறுபடி ச, மூன்றாம் விரல் நொடியில் எழுந்து விழ, இடையில் கீழே நி லேசாக எட்டிப் பார்க்கும், மறுபடி ச. எல்லாம் ஒரே வில்லில். மேலே தட்டும் விரல் தந்தியை அழுத்தவே கூடாது. அது ஒரு ஸ்வரமாகக் கேட்டால் அழுத்திவிட்டீர்கள் என்று பொருள்.

நோட்டேஷன் பார்த்துக் கற்கலாமா?

பார்க்கலாம், ஆனால் முதலில் கேளுங்கள். சிகாகோ போலீஸ் தலைவராக இருந்த ஃபிரான்சிஸ் ஓ'நீல் 1903-இல் 1,850 மெட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். அதில் ஸ்வரம் இருக்கிறது, வில்லின் ஆட்டம் இல்லை. ஸ்லைகோ மாவட்டத்து மைக்கேல் கோல்மன் 1920-களில் நியூயார்க்கில் பதிவுசெய்த இசைத்தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பிப் போய், அங்கே பலர் வாசிக்கும் விதத்தையே மாற்றின. இசைத்தட்டைக் கேட்டே கற்றார்கள். நீங்களும் பதிவை வேகம் குறைத்து ஓடவிட்டு, முதலில் வாயால் பாடிவிட்டு அப்புறம் வில்லை எடுங்கள்.

ஒரு சின்னத் தகவல்: அயர்லாந்தின் கார்க், கெரி மாவட்ட எல்லைப் பகுதியான ஸ்லீவ் லூக்ராவில் பாட்ரிக் ஓ'கீஃப் (1887–1963) என்ற ஆசிரியர் மாணவர்களுக்குத் தானே ஒரு முறையில் எழுதிக் கொடுத்தார். ஐந்து கோடுகளின் நான்கு இடைவெளிகளும் நான்கு தந்திகள்; எந்த விரல் என்பதற்கு எண்; திறந்த தந்திக்கு 0. நோட்டேஷன் மறந்துபோனவர்கள் இதைப் பின்பற்றலாம்.

எனக்கு வயது 58. விரல் மடங்க மறுக்கிறது.

காலையில் பத்து நிமிடம், மாலையில் பத்து நிமிடம். வலித்தால் உடனே நிறுத்துங்கள். ஸ்லீவ் லூக்ராவின் போல்காக்களில் (ஒரு வகை நடன மெட்டு) தொடங்குங்கள், ஸ்வரங்கள் குறைவு. விரலை அசைத்து ஸ்வரத்தை நடுங்க வைக்கும் வைப்ராட்டோவைப் பற்றிக் கவலையே வேண்டாம், நடன மெட்டுகளுக்கு அது அநேகமாகத் தேவைப்படாது.

டப்ளினில் இருக்கிறேன். பப்களில் எல்லாரும் கூடி மெட்டுகள் வாசிக்கும் செஷனில் போய் உட்காரலாமா?

உட்காரலாம். முதல் சில முறை வட்டத்துக்குச் சற்று வெளியே இருந்து கேளுங்கள். ஒரு மெட்டைப் பொதுவாக மூன்று சுற்று வாசித்துவிட்டு, இடைவெளி விடாமல் அடுத்ததற்குத் தாவுவார்கள். தெரியாத மெட்டில் தடவித் தடவி வாசிக்காதீர்கள், அது மற்றவர்களைக் குலைக்கும். கற்பவர்களுக்கென்றே மெதுவான செஷன்களும் உண்டு. 1951-இல் தொடங்கிய கோல்டஸ் என்ற ஐரிஷ் இசை அமைப்பின் கிளைகளில் விசாரியுங்கள். ஜூலையில் கிளேர் மாவட்டத்து மில்டவுன் மால்பேயில் வில்லி கிளான்சி கோடைப் பள்ளி நடக்கும், ஃபிடிலுக்குத் தனி வகுப்புகள் உண்டு.

நாலைந்து முறை போனால் யாராவது உங்களையே ஒன்று தொடங்கச் சொல்வார்கள். கடைசிவரை தாங்க முடிகிற வேகத்தில் தொடங்குங்கள், மற்றவர்கள் அந்த வேகத்துக்கே வந்துவிடுவார்கள்.