மாமியாரும் ரிமோட்டும்

கேள்வி: பழைய டிவி பழுதானதால் தீபாவளித் தள்ளுபடியில் 43 இன்ச் ஸ்மார்ட் டிவி வாங்கினோம். என் மாமியாருக்கு 74 வயது. ஏழு மணி சீரியலுக்கு ஆறே முக்காலுக்கே ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்துவிடுகிறார். எதையோ அழுத்தி எங்கேயோ போய்விட்டு என்னைக் கூப்பிடுகிறார். ‘பாட்டிக்கு டெக்னாலஜி வராது’ என்கிறான் என் மகன். அப்படித்தானா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: உங்கள் மகனுக்கு வருகிறதா என்று முதலில் பாருங்கள். மைக் பட்டனைத் தொடாமல், அம்புக்குறியை மட்டும் நகர்த்தி ஒரு தமிழ்ப் படத்தின் பெயரைத் தேடச் சொல்லுங்கள். பெயரில் ‘ழ’ இருந்தால் இன்னும் நல்லது. அதற்கு இங்கிலீஷில் ஓரெழுத்தா ஈரெழுத்தா என்று அவன் முடிவு செய்வதற்குள் சீரியலில் ஒரு கல்யாணம் நின்று போயிருக்கும்.

பாட்டி பார்த்துப் பழகிய டிவியில் பட்டனை அழுத்தினால் நேற்று விட்ட சேனல் வந்தது. இதில் அழுத்தினால் வருவது ஹோம் ஸ்கிரீன். மேல் பாதியில் யாரோ காசு கொடுத்து ஒட்டிய போஸ்டர். கீழே நீங்கள் சந்தா கட்டாத ஆப்களின் படங்கள். கேபிள்காரர் தந்த செட்டாப் பாக்ஸ் ‘ஹெச்டிஎம்ஐ 1’ என்ற பெயரில் ஒரு மூலையில் கிடக்கும். எங்கள் அலுவலக டிவியில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு அந்த மூலையும் இடம் மாறியது. நான்கு உதவி ஆசிரியர்கள் சேர்ந்து தேடினோம். யாருக்கும் 74 ஆகவில்லை.

இத்தனை குளறுபடிக்கும் காரணம் திறமைக் குறைவு என்று நான் நம்பவில்லை. அமெரிக்காவில் விஸியோ என்றொரு டிவி கம்பெனி. 2021-ன் மூன்றாம் காலாண்டில் டிவி விற்று அது பார்த்த மொத்த லாபம் 2.56 கோடி டாலர். விளம்பரம், பார்வையாளர் தகவல் முதலானவற்றில் பார்த்தது 5.73 கோடி டாலர். பெட்டியை விற்றதைப் போல இரண்டு மடங்குக்கு மேல்! இதே கம்பெனிதான், 1.1 கோடி டிவிகளில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று நொடிக்கு நொடி சொல்லாமல் கொள்ளாமல் சேகரித்த புகாரில், 2017-ல் 22 லட்சம் டாலர் கட்டி வழக்கை முடித்துக்கொண்டது. பாட்டி நேராக சீரியலுக்குப் போய்விட்டால் இந்த வியாபாரத்தில் யாருக்கும் பைசா தேறாது. வழியில் நாலு கடையைப் பார்த்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ரிமோட்டிலேயே ஆப் பெயர் போட்ட பட்டன்கள் இருக்கின்றன அல்லவா, அவையும் காசு வாங்கிக்கொண்டு வைத்தவைதாம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1955-ல் ஸெனித் கம்பெனி ‘ஃப்ளாஷ்-மேட்டிக்’ என்ற ஒயரில்லா ரிமோட்டைக் கொண்டுவந்தது. துப்பாக்கி மாதிரி ஒரு டார்ச்; திரையின் நான்கு மூலைகளில் ஒன்றின் மேல் ஒளி அடித்தால் வேலை செய்யும். வெயில் பட்டால் சேனல் தானாக மாறிவிடும் என்பது வேறு கதை. அதை விற்க அவர்கள் சொன்ன பெரிய கவர்ச்சியே, தொல்லை தரும் விளம்பரங்களின் வாயை உட்கார்ந்த இடத்திலிருந்தே அடைக்கலாம் என்பதுதான்.

டிவி ஆமை வேகத்தில் நகர்கிறதே என்றும் அடுத்த மாதம் கேட்பீர்கள். விலை குறைந்த டிவியில் பணமெல்லாம் திரைக்குப் போய்விடும். உள்ளே இருப்பது சாதாரண சிப், ஒன்றிரண்டு ஜிபி ராம். ஆப்கள் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போக, சிப் வாங்கிய அன்றைய நிலையிலேயே நிற்கும். பிராண்டை மாற்றினாலும் பெரும்பாலும் இதே முகம்தான்; பல பிராண்டுகளுக்குள் ஓடுவது கூகுளின் மென்பொருள். ப்ளே ஸ்டோர் வேண்டுமென்றால் தன் ஆப்கள் மொத்த மூட்டையையும் சேர்த்து ஏற்றுக்கொள் என்று டிவி கம்பெனிகளோடு கூகுள் போட்ட ஒப்பந்தங்களை இந்தியப் போட்டி ஆணையம் விசாரித்தது. 2025 ஏப்ரலில் 20.24 கோடி ரூபாய் கட்டி, ப்ளே ஸ்டோரைத் தனியாகத் தரவும் ஒப்புக்கொண்டு கூகுள் சமரசம் செய்துகொண்டது.

ஆக வேண்டியதைச் சொல்கிறேன். செட்டிங்ஸில் ‘பவர் ஆன்’ பகுதியைத் தேடுங்கள். ஆன் செய்ததும் ஹெச்டிஎம்ஐ-க்குப் போகும்படி வைக்கும் வசதி பல டிவிகளில் உண்டு. கூகுள் டிவி என்றால் ‘ஆப்ஸ் ஒன்லி’ முறையைப் போடுங்கள், பரிந்துரைக் கூட்டம் குறையும். மாமியார் சீரியல் மட்டும்தான் பார்க்கிறார் என்றால் வைஃபையையே துண்டித்துவிடலாம். டிவி ரிமோட்டை அலமாரியில் வைத்துவிட்டு செட்டாப் பாக்ஸ் ரிமோட்டை மட்டும் அவர் கையில் கொடுங்கள். பல செட்டாப் பாக்ஸ் ரிமோட்டுகளை டிவியை ஆன் செய்யவும் பழக்கிக்கொள்ளலாம்.

பிறகு, டிவி வந்த அன்று பக்கம் பக்கமாக ஓடிய நிபந்தனைகளுக்கெல்லாம் படிக்காமலே ‘ஒப்புக்கொள்கிறேன்’ கொடுத்தது யார் என்று உங்கள் மகனைக் கேளுங்கள். பாட்டியாக இருக்காது.