அம்பாசிடர் காரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியை மாற்றுவது எப்படி?

குளச்சலில் நிற்கும் தங்கள் பழைய 1489 சி.சி. பெட்ரோல் அம்பாசிடர், மழைநாள் காலைகளில் மட்டும் கிளம்ப மறுப்பதாகவும், டிஸ்ட்ரிபியூட்டர் (ஒவ்வொரு ஸ்பார்க் பிளக்குக்கும் முறைப்படி உயர் மின்னழுத்தத்தைப் பகிர்ந்தளிக்கும் பாகம்) மூடியை மாற்றலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். மாற்றிவிடுவதே நல்லது. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் நம் குமரிக் கடலோரத்தில், உப்புக் காற்றின் ஈரம் மூடிக்குள் படிந்து, மயிரிழை போன்ற விரிசல்கள் வழியே உயர் மின்னழுத்தத்தைக் கசியவிட்டு, பிளக்கில் பொறி எழாமல் செய்துவிடும்.

முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். வயர்களை மொத்தமாகப் பிடுங்கிவிடாமல், புதிய மூடியைப் பழையதன் அருகே அதே திசையில் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு வயராக மாற்றிச் செருகுங்கள். ஏனெனில் இந்த இன்ஜினின் எரியூட்டு வரிசை (சிலிண்டர்களில் பொறி எழும் ஒழுங்கு) 1-3-4-2, மூடிக்குள் இருந்து ஒவ்வொரு வயருக்கும் மின்சாரத்தைக் கொடுக்கும் ரோட்டர் சுழல்வதோ கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில்; வயர் இடம் மாறினால் இந்த வரிசை குலைந்துவிடும். பழைய வகை மூடிகள் சிலவற்றில் வயர்கள் உட்புறத்திலிருந்து திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும் என்பதால், வராத வயரை வலிந்து இழுக்க வேண்டாம்.

ரோட்டரையும் சேர்த்தே மாற்றுங்கள். மூடியின் நடுவிலுள்ள கார்பன் முனை, ஸ்பிரிங்கின் மேல் தடையின்றி அழுந்தி எழுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். அது சிக்கிக்கொண்டால் புதிய மூடியாலும் பயனில்லை. திறந்ததுதான் திறந்தீர்கள், பாயிண்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் தொடுமுனைகள்) முழுதாக விரியும் நிலையில் அதன் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்கிறதா என்பதையும் ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள்) அளந்துவிடுங்கள்.