அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். கார் இன்னும் அவர் பெயரில்தான் ஓடுகிறது

கேள்வி: என் அப்பாவுக்கு 76 வயது. ஓய்வு பெற்ற ஆசிரியர், தனியாக வசிக்கிறார். கண்புரை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இனி ஓட்ட வேண்டாம் என்று அவரே முடிவு செய்து, 13 ஆண்டுகளாக வைத்திருந்த காரை விற்க நினைத்தார். பழைய கார் வாங்கி விற்கும் ஒருவர் மெக்கானிக்கையும் அழைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தார். "இன்ஜின் போய்விட்டது, இறக்கிச் சரிசெய்தால் கார் விலையைவிட அதிகமாகும்" என்று அந்த மெக்கானிக் சொன்னதில் அப்பா பயந்துபோய், அவர்கள் சொன்ன விலைக்கே சம்மதித்துவிட்டார். கால் பங்குப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்துவிட்டு, மீதி பெயர் மாற்றத்துக்குப் பிறகு என்றார் வியாபாரி. நிரப்பாத படிவங்களில் நான்கைந்து கையெழுத்து வாங்கிக்கொண்டு, ஆர்.சி., சாவி, ஆதார் நகலோடு காரை எடுத்துப் போய்விட்டார். ஐந்து வாரம் ஆகிறது. சிக்னலை மீறியதற்கான அபராதச் செய்தி அப்பாவின் செல்பேசிக்கு வந்தபோதுதான் எனக்கே விஷயம் தெரிந்தது. இப்போது அதே கார் இணைய விளம்பரத்தில் இரண்டு மடங்குக்கும் மேலான விலையில் நிற்கிறது: "ஒரே உரிமையாளர், இன்ஜின் மிக நல்ல நிலையில்." அப்பா தன்னையே நொந்துகொள்கிறார். அண்ணன் விட்டுவிடு என்கிறான். சட்டத்தில் வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் இதைப் படித்து முடிப்பதற்கு முன்பே அந்த விளம்பரத்தைப் பதிவு செய்துவிடுங்கள். விலை, தேதி, வண்டி எண், "இன்ஜின் மிக நல்ல நிலையில்" என்ற வரி, விளம்பரம் கொடுத்தவரின் எண் எல்லாம் தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். எடுத்த செல்பேசியை மாற்றவோ அழிக்கவோ வேண்டாம். மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் வைக்க, பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற இப்போதைய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவின்படி சான்றிதழ் தேவைப்படும். அதற்கு அந்தக் கருவி உங்கள் கையில் இருப்பது நல்லது.

அந்த ஒரு வரியை நான் இவ்வளவு பெரிதாகப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. விலை குறைவாக இருந்தது என்பதற்காக மட்டும் எந்த விற்பனையும் செல்லாததாகிவிடாது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 25-ஆம் பிரிவின் விளக்கத்தில் இதைத் தெளிவாகவே சொல்கிறது. சம்மதம் சுதந்திரமாகத் தரப்பட்டதா என்று பார்க்கும்போது விலைக் குறைவையும் கணக்கில் எடுக்கலாம், அவ்வளவுதான். ஆனால் உங்கள் அப்பாவின் விஷயம் விலையைப் பற்றியதல்ல. பழுதில்லாத இன்ஜினைப் பழுது என்று தெரிந்தே சொன்னார்கள் என்றால், அது 17-ஆம் பிரிவு சொல்லும் மோசடி. மோசடியால் பெறப்பட்ட சம்மதத்தின் மேல் நிற்கும் ஒப்பந்தத்தை, ஏமாற்றப்பட்டவர் விரும்பினால் ரத்து செய்யலாம் என்கிறது 19-ஆம் பிரிவு. உங்கள் வீட்டு வாசலில் போய்விட்டிருந்த இன்ஜின் ஐந்தே வாரத்தில் எப்படி மிக நல்ல நிலைக்கு வந்தது என்பதற்கு வியாபாரிதான் பதில் சொல்ல வேண்டும். இன்ஜினை இறக்கிச் சரிசெய்தேன் என்றால் அதற்கான ரசீதுகளைக் காட்டட்டும்.

"அவருடைய சொந்தக் கார்தானே, வேறு மெக்கானிக்கிடம் காட்டியிருக்கலாமே" என்று எதிர்த்தரப்பு நிச்சயம் கேட்கும். உங்கள் அண்ணனும் இதைத்தான் கேட்டிருப்பார் என்று நினைக்கிறேன். சாதாரண கவனத்தோடு உண்மையைக் கண்டுபிடித்திருக்க முடியும் என்ற வாதம், தெரியாமல் சொன்ன தவறான தகவலுக்கும் மௌனமாக மறைத்ததற்கும் பொருந்தும். நேருக்கு நேர் வேண்டுமென்றே சொன்ன பொய்க்கு அது கேடயமாகாது. அப்பாவிடம் இதைச் சொல்லுங்கள். நம்பியது அவர் செய்த குற்றமல்ல.

இனி அவசரத்துக்கு வருகிறேன். ஒப்பந்தத்தை ரத்து செய்யும் வழக்குக்கு, மோசடி தெரிய வந்த நாளிலிருந்து மூன்று ஆண்டு அவகாசம் இருக்கிறது. அந்த எண்ணைக் கேட்டு நிதானமாக இருந்துவிடாதீர்கள். 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தில் 29-ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. நீங்கள் ரத்து செய்வதற்கு முன்பே வியாபாரி காரை வேறொருவருக்கு விற்று, அவரும் எதுவும் தெரியாமல் நல்லெண்ணத்தோடு வாங்கியிருந்தால், கார் அவருக்கே சொந்தமாகிவிடும். பிறகு வியாபாரியிடம் நஷ்டஈடு கேட்கலாம், காரைக் கேட்க முடியாது. விளம்பரம் இன்னும் இருக்கிறது என்றால் கார் பெரும்பாலும் இன்னும் விற்கவில்லை. ஆகவே உங்களுக்கு இருப்பது மூன்று ஆண்டு அல்ல, அடுத்த வாங்குபவர் வரும் வரைதான்.

ரத்து என்பதை மனத்தில் நினைத்தால் போதாது, மறுதரப்புக்குத் தெரிவிக்க வேண்டும். வழக்கறிஞர் கிடைக்கும் வரை காத்திருக்காமல் அப்பாவே இன்று இப்படி எழுதி அனுப்பலாம்:

"… தேதியன்று என் வீட்டுக்கு வந்த நீங்களும் நீங்கள் அழைத்து வந்த மெக்கானிக்கும், என் காரின் இன்ஜின் பழுதாகிவிட்டது என்று சொன்னீர்கள். அதை நம்பியே விற்கச் சம்மதித்தேன். அதே காரை, இன்ஜின் மிக நல்ல நிலையில் இருப்பதாக இப்போது விளம்பரம் செய்திருக்கிறீர்கள். பொய் சொல்லி என் சம்மதத்தைப் பெற்றதால், அந்த விற்பனையை இன்று ரத்து செய்கிறேன். வாங்கிய முன்பணத்தைத் திருப்பித் தரத் தயாராக இருக்கிறேன். கார், சாவி, ஆர்.சி., நான் கையெழுத்திட்ட எல்லாப் படிவங்கள் ஆகியவற்றை ஏழு நாளுக்குள் ஒப்படையுங்கள். அதுவரை காரை ஓட்டவோ விற்கவோ கூடாது."

வாட்ஸ்அப்பில் உடனே அனுப்புங்கள். கையெழுத்திட்ட பிரதியை ஸ்பீடு போஸ்ட்டில், ஒப்புகையுடன் அனுப்புங்கள். விளம்பரம் வந்த தளத்துக்கும் ஒரு புகார் போகட்டும். முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்ற வரியை மட்டும் எக்காரணம் கொண்டும் நீக்காதீர்கள். ரத்து செய்பவர் தான் பெற்றதைத் திருப்பித் தர வேண்டும் என்பது அதே ஒப்பந்தச் சட்டத்தின் விதி. இன்னொன்று: நோட்டீஸ் கிடைத்ததும் வியாபாரி மீதிப் பணத்தோடு ஓடி வரலாம். உண்மை தெரிந்த பிறகு அந்தப் பணத்தை வாங்கினால் விற்பனையை ஏற்றுக்கொண்டதாக ஆகிவிடும். ஆகவே கார் வேண்டுமா, பணம் வேண்டுமா என்பதை அப்பா முதலிலேயே முடிவு செய்ய வேண்டும். காரைத் திரும்பப் பெற்று என்ன செய்வது என்று அவர் நினைத்தால், விற்பனையை நிலைநிறுத்திக்கொண்டே, மீதிப் பணத்தையும் பொய்யால் குறைந்துபோன விலையையும் சேர்த்துக் கேட்கலாம். அதுவும் சட்டப்படி சரியான வழியே.

ஆர்.சி. விஷயம் இதைவிட ஆபத்தானது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 2(30) பிரிவின்படி, யார் பெயரில் பதிவு இருக்கிறதோ அவரே உரிமையாளர். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் உறுதி செய்தது. வண்டி பல கை மாறியிருந்தாலும், பதிவேட்டில் பெயர் உள்ளவர்தான் விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு. சிக்னல் அபராதம் சின்ன விஷயம். அந்தக் கார் நாளை யார் மீதாவது மோதி, அன்று காப்பீடும் காலாவதியாகி இருந்தால், இழப்பீடு உங்கள் அப்பாவைத் தேடி வரும். பாலிசியின் கடைசி நாளை இன்றே பாருங்கள். முடியப்போகிறது என்றால், கார் கையில் இல்லாவிட்டாலும் மூன்றாம் நபர் காப்பீட்டையாவது புதுப்பித்துவிடுங்கள். வியாபாரிக்காக ஏன் கட்ட வேண்டும் என்று தோன்றும். அது அப்பாவைக் காக்கும் செலவு.

கூடவே, பதிவு செய்த ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கு அப்பா ஆட்சேபக் கடிதம் கொடுக்க வேண்டும். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் நிரப்பாமலே கையெழுத்து வாங்கப்பட்டது, விற்பனை ரத்து செய்யப்பட்டுவிட்டது, என்னை விசாரிக்காமல் பெயர் மாற்றக் கூடாது என்று எழுதி, நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வழக்கமாக, அதே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாளில் விற்பனையை ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும். பல வழக்கறிஞர்கள் பழக்கத்தில் அதையே உங்களுக்கும் சொல்வார்கள். ரத்து செய்கிறவர் அதைச் செய்தால் தன் வாதத்தைத் தானே வெட்டியதாகும். பணமே போதும் என்று முடிவெடுத்தால் மட்டும் அந்த அறிவிப்பைக் கொடுங்கள். இன்னொரு எச்சரிக்கை: பெயர் மாற்றத்துக்கான ஓ.டி.பி. அப்பாவின் எண்ணுக்கு வரலாம். யார் கேட்டாலும் சொல்லக் கூடாது.

அந்த வியாபாரி அங்கீகாரம் பெற்றவரா என்பதையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மத்திய மோட்டார் வாகன விதிகள் 55ஏ முதல் 55எச் வரை, பழைய வாகன வியாபாரிகளுக்கு அங்கீகாரச் சான்றைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. அங்கீகாரம் பெற்றவரிடம் காரை ஒப்படைக்கும்போது படிவம் 29சி-யில் அறிவிப்பு போக வேண்டும். போனால் அன்று முதல் வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார், அபராதமும் பொறுப்பும் அவருடையது. அப்பா விஷயத்தில் அது நடக்கவில்லை என்றே தெரிகிறது. பெற்றோரின் காரை இனி விற்கப்போகிறவர்கள் நினைவில் வைக்க வேண்டிய ஒரே ஒரு படிவம் இதுதான் என்பேன்.

இப்போது ஒரு வேண்டுகோள். "அவருக்கு வயதாகிவிட்டது, புத்தி தெளிவாக இல்லை, ஆகவே ஒப்பந்தம் செல்லாது" என்று எழுதலாமா என்று யாராவது யோசனை சொல்வார்கள். ஒப்பந்தச் சட்டம் 16-ஆம் பிரிவில் வயதாலும் நோயாலும் மனத்திறன் பாதிக்கப்பட்டவர்களுக்குப் பாதுகாப்பு இருப்பது உண்மை. உண்மையிலேயே மறதி நோய் இருக்கும் ஒருவருக்கு நான் அதைத்தான் முதலில் எழுதுவேன். உங்கள் அப்பாவுக்கு வேண்டாம். கண்புரை பார்வையை மங்கச் செய்தது, அறிவை அல்ல. நீங்கள் இன்று எழுதும் அந்த ஒரு வரியை, நாளை அவர் எழுதும் உயிலையோ பத்திரத்தையோ எதிர்க்கிறவர் எடுத்து நீட்டுவார். அதைவிட முக்கியம், தன் பிள்ளைகளே தன்னைப் புத்தி கலங்கியவர் என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்ததை அவர் படிக்க நேரும். பொய் சொன்னவரைப் பற்றி எழுதினால் போதும்.

காவல் நிலையத்திலும் மனுக் கொடுக்கலாம். பாரதிய நியாய சன்ஹிதா என்ற இப்போதைய குற்றவியல் சட்டத்தின் 318(4) பிரிவின்படி, ஏமாற்றிப் பொருளைப் பெற்றால் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. இது சிவில் விவகாரம் என்று திருப்பி அனுப்பப் பார்ப்பார்கள். மனு பெற்றதற்கான ரசீதை வாங்காமல் வராதீர்கள். பதிவு செய்ய மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம். கார் அப்பாவின் கட்டுப்பாட்டில் இல்லை என்பதற்கு அந்த ரசீதே தேதியிட்ட சான்றாகவும் இருக்கும். நுகர்வோர் ஆணையத்தை நம்ப வேண்டாம். உங்கள் அப்பா இங்கே விற்றவர், நுகர்வோர் அல்ல. தரகுக் கட்டணம் வாங்கிக்கொண்டு விற்றுக் கொடுத்த இடைத்தரகர் என்றால்தான் சேவைக் குறைபாடு என்று அங்கே போக முடியும்.

ஏழு நாளில் கார் வராவிட்டால் சிவில் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, காரை யாருக்கும் மாற்றக் கூடாது என்று இடைக்காலத் தடை கேளுங்கள். இலவசச் சட்ட உதவி கிடைக்குமா என்பதை 15100 என்ற எண்ணில் விசாரிக்கலாம். முதியோருக்கான உதவி எண் 14567.

நோட்டீஸை நீங்கள் எழுதிக் கையெழுத்து மட்டும் வாங்காதீர்கள். ஒருமுறை அப்படித்தான் அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். பெரிய எழுத்தில் அச்சடித்து, அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்து, மாற்ற நினைப்பதை மாற்றிய பிறகு அவரே கையெழுத்திடட்டும். அதன் பின் வியாபாரி தொலைபேசியில் அழைத்தால், "எதுவானாலும் எழுத்தில் அனுப்புங்கள்" என்று சொல்லி வைத்துவிடச் சொல்லுங்கள்.