பெருநாள் வந்தால் பிரிட்ஜ் ஏன் சிறுத்துப்போகிறது?

பிரிட்ஜ் திருத்துவது என் தொழில். பெருநாள், வருடப்பிறப்பு, நத்தார் என்று வந்தால் போன் ஓயாது. போய்த் திறந்து பார்த்தால் பல வீடுகளில் மெஷினில் ஒரு குறையும் இருக்காது, அடைத்து வைத்த விதத்தில்தான் குறை இருக்கும். இந்த முறை வந்த கேள்விகளும் அதையே சுற்றுகின்றன.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு எங்கள் பங்கோடு மச்சான்மார் வீட்டுக் குர்பான் இறைச்சியும் வந்து சேரும். எங்கள் பிரீசரோ சின்னது. எப்படி அடைப்பது? (காத்தான்குடி)

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் அடைக்கவே கூடாது. அறுத்த சூடு ஆறாத இறைச்சியைச் சொப்பிங் பையில் அள்ளி முடிச்சுப் போட்டுத் திணித்தால், வெளியே கல்லாகிவிடும், நடுவில் மணிக்கணக்கில் வெதுவெதுப்பு நிற்கும். பிறகு பையை வெட்டும்போது நடுத்துண்டு நிறம் மாறி ஒரு வாடை அடிக்குமே, அது இதனால் வருவது.

இறைச்சி வந்ததும் தட்டங்களில் பரப்பிக் கீழ்த்தட்டில், அதாவது பிரீசருக்குக் கீழே உள்ள பகுதியில், ஆறவிடுங்கள். அதற்கு இடம் வேண்டுமென்றால், முதல்நாளே சோடாப் போத்தல்களையும் தண்ணீரையும் ரெஜிபோம் பெட்டிக்கு மாற்றி ஐஸ் போட்டுவிடுங்கள். மீன்காரர் வைத்திருக்கும் அதே பெட்டிதான். ஈரலை அன்றே சமைத்துவிடலாம். எலும்புதான் இடத்தைத் தின்னும், அதையும் அன்றே சூப்புக்குப் போட்டுவிடுங்கள்.

மிச்சத்தைக் கழுவாமல், ஒரு நேரக் கறிக்கு ஒரு பை என்று பிரியுங்கள். பையைத் தட்டையாக அமுக்கிக் காற்றை வெளியேற்றிக் கட்டிப் படுக்க வைத்தால் சீக்கிரம் உறையும். உறைந்த பிறகு புத்தகம் அடுக்குவதுபோல நிமிர்த்தி அடுக்கலாம். உருண்டையாக முடிந்த பைகள் பிடிக்கும் இடத்தில் பாதி போதும். பிரீசருக்கு ஒரு நாளில் எத்தனை கிலோவை உறையவைக்க முடியும் என்று பல பிரிட்ஜ்களில் உள்ளே ஒட்டிய லேபிளிலேயே இருக்கும். அதற்கு மேல் போனால் பழைய இறைச்சியும் இளகத் தொடங்கும்.

அதற்கும் மிஞ்சினால் கீற்றாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டிக் காயவைக்கலாம். கச்சான் என்ற வறண்ட காற்று அடிக்கும் மாதத்தில் பெருநாள் வந்தால் அதைவிட நல்ல வசதி கிடையாது.

வருடப்பிறப்புக்கு வாங்கும் எருமைத் தயிர்ச்சட்டிகள் ஒரு தட்டையே பிடித்துக்கொள்கின்றன. (ஆரையம்பதி)

சட்டியின் வாய் அகலம், அடி சிறியது. அதனால் சுற்றிலும் இடம் வீணாகிறது. சட்டிகளின் மேல் ஒரு தட்டையான தட்டத்தை வைத்து, அதன்மேல் பாரமில்லாதவற்றை அடுக்குங்கள். அன்றே பரிமாறப்போகும் சட்டி வெளியிலேயே நிற்கட்டும், கொஞ்சம் புளிப்பு ஏறும், அவ்வளவுதான். சதுர டப்பாவுக்கு மாற்றினால் தண்ணீர் விடும். அதில் பிழையில்லை, ஆனால் விருந்தாளிக்கு முன்னால் சட்டியோடு வைக்கும் அழகு போய்விடும்.

பிரிட்ஜ் நிறையச் சாமான். குளிர் காணாது என்று பிரீசர் லீவரைக் கூட்டினேன், கீழே இன்னும் குறைந்துவிட்டது. (கல்முனை)

ஐஸ் கட்டாத வகை பிரிட்ஜ் பலவற்றில், மேலே உள்ள அந்த லீவர் குளிர்காற்றைப் பங்கு பிரிக்கிறது. மேலே கூட்டினால் கீழே வரும் காற்று குறையும். நடுவில் வையுங்கள். பின்சுவரில் காற்று வரும் துவாரங்களைப் பாருங்கள். பெரும்பாலும் ஒரு சட்டியோ கீரைக் கட்டோ அதை அடைத்துக்கொண்டு நிற்கும். பிரீசர் நிறைந்திருந்தால் நல்லது. கீழ்த்தட்டு அப்படியல்ல, சாமான்களுக்கிடையில் காற்று ஓட வேண்டும்.

கதவு இறப்பரையும் சோதியுங்கள். இருபது ரூபாய்த் தாளைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பாருங்கள். தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வந்தால் இறப்பர் தளர்ந்துவிட்டது. கீழ்த்தட்டு 4 பாகைக்கு மேல் போகக் கூடாது. பிரீசருக்கு மைனஸ் 18.

மிஞ்சிய புரியாணியைச் சட்டியோடு வைக்கலாமா? (அக்கரைப்பற்று)

வேண்டாம். பெரிய சட்டி ஆற ராத்திரி முழுக்க எடுக்கும், பக்கத்தில் உள்ளதையும் சூடாக்கும். ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, ஆவி அடங்கியதும் உள்ளே வையுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்காதீர்கள், நம் வெயிலுக்கு ஒரு மணி நேரமே அதிகம். கெட்ட சோற்றில் உண்டாகும் நஞ்சு சூடுகாட்டினாலும் போகாது.

எவையெல்லாம் பிரிட்ஜுக்குள் தேவையில்லை? (களுவாஞ்சிகுடி)

வெங்காயம், உருளைக்கிழங்கு, பழுக்காத தக்காளி, வாழைப்பழம். நத்தார் ரிச் கேக், தொதல் இரண்டும் இறுக்கமாக மூடிய பேணியில் வெளியே நன்றாக இருக்கும். வட்டிலப்பம் உள்ளேதான் இருக்க வேண்டும், அதில் முட்டையும் தேங்காய்ப்பாலும் இருக்கிறது.

மார்கழி மழையில் கரண்ட் போனால்? (வாழைச்சேனை)

கதவைத் திறக்காதீர்கள். மூடியபடி இருந்தால் கீழ்த்தட்டு சுமார் 4 மணி நேரம் தாங்கும். நிறைந்த பிரீசர் 48 மணி நேரம், பாதி நிறைந்தது 24 மணி நேரம். பிறகு திறக்கும்போது இறைச்சியில் ஐஸ் துகள் தெரிந்தால் மீண்டும் உறையவிடலாம். இளகி வெதுவெதுப்பான இறாலை மணந்து பார்த்து முடிவெடுக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். இன்னொன்று: கரண்ட் போனதும் பிளக்கைக் கழற்றிவிடுங்கள், வந்தபின் ஐந்து நிமிடம் பொறுத்துப் போடுங்கள். கம்பிரசர் எரிந்துபோனால் பெருநாள் வாரத்தில் அதை மாற்ற ஆள் பிடிப்பது பெரும்பாடு.